கை திரும்பி வருகிற காட்சி

ஞானசௌந்தரி கூத்தில் கை வெட்டுகிற காட்சியைப் பழக்குவது எனக்கு ஒருநாளும் பெரிய பாடாக இருந்ததில்லை. கத்தியை ஓங்கியதும் தாளம் நிற்கும், மத்தளத்தில் ஓர் அடி விழும், கொட்டகை முழுவதும் மூச்சடங்கிப் போகும். மாதா தோன்றி அந்தக் கைகளைத் திருப்பிக் கொடுக்கிற காட்சிதான் என்னை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருக்கிறது. ஊர்காவற்றுறைக் கரையில் அதைப் பார்க்க வருகிற சனத்துக்குள் கை போனவர்கள் இருக்கிறார்கள், கால் போனவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைத் தேடித் தேடி முதிர்ந்துபோன தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு வராத புதுமையை அவர்களுக்கு முன்னாலேயே ஆடிக் காட்டலாமா?

கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பாடம். தாயை இழந்த அரசகுமாரியைச் சின்னத்தாய் லேனாள் காட்டுக்கு அனுப்பிக் கொல்லச் சொல்கிறாள். கொல்ல மனம் வராதவர்கள் கைகளை வெட்டிக்கொண்டு போய்ச் சாட்சி காட்டுகிறார்கள். காட்டில் அவளைக் கண்ட இளவரசன் பிலேந்திரன் கை இல்லாதவளையே மணம் முடிக்கிறான். பிறகு பொய்க் கடிதம் ஒன்று குறுக்கே வர, கைப்பிள்ளையோடு மறுபடியும் காடு. கிரிம் சகோதரர் 1812இல் ஜெர்மனியில் வெளியிட்ட கதைத் தொகுப்பிலும் இவள் இருக்கிறாள். அங்கே அவள் ஆலைக்காரன் மகள். பேயோடு செய்த உடன்படிக்கைக்காகப் பெற்ற தகப்பனே வெட்டுகிறான். ஐரோப்பாவில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதை, வேதத்தோடு சேர்ந்து எங்கள் கடலோரங்களுக்கு வந்து, விருத்தமும் கொச்சகமும் கற்று, கூத்தாகிவிட்டது. மன்னார்ப் பக்கத்து ஞானசவுந்தரி நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1967இல் அச்சில் கொண்டுவந்தார். அதற்கு முன்னரே, 1948இல், தமிழ்நாட்டில் சிட்டாடல் நிறுவனத்தின் படமாகவும் அது ஓடியிருந்தது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இங்கே மெலிஞ்சிமுனை என்று கூத்து உள்ள கரைகளில் பிறந்தவர்களுக்கு அவள் சொந்தக்காரப் பெண் மாதிரி.

எங்கள் ஊர்க் கூத்துக் கொப்பி 1990இல் போய்விட்டது. அந்த ஆவணியில் இராணுவம் தீவுக்குள் இறங்க, உடுத்த உடுப்போடு சனம் வெளிக்கிட்டது. திரும்பி வந்தபின், பழைய ஆட்டக்காரரின் வாயில் மிச்சமிருந்த பாட்டுகளைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினேன். முன்பு விடிய விடிய ஆடிய கூத்து இப்போது இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று கொப்பியோடு இருந்தபோதுதான் மத்தளம் அடிக்கிற பெடியன் கேட்டான்:

“அண்ணாவியார், மாதா வந்து கை குடுக்கிறதை என்ரை அப்பா முன்னாலை இருந்து பாக்கவேணுமோ? அந்த இடத்தை விட்டிட்டு, அவள் பிள்ளையோடை காட்டிலை நிக்கிறதோடை மங்களம் பாடுவம்.”

அவனுடைய தகப்பனுக்கு ஷெல் விழுந்து வலது கை முழங்கையோடு போனது. பெடியன் பூசை தவறாதவன். அவன் கேட்டது அவநம்பிக்கைக் கேள்வி அல்ல. நம்புகிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி வலிக்கும்.

சுலபமான மறுமொழிகள் இரண்டு கையில் இருந்தன. நம்பிக்கையோடு கேட்டால் கிடைக்கும் என்பது முதலாவது. அதை அவன் வீட்டு வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. கிடைக்காதவர்கள் சரியாக நம்பவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்குள் பதுங்கி இருக்கிறது. இது வெறும் கதைதானே தம்பி என்பது இரண்டாவது. வெறும் கதையென்றால் கோயில் வளவில் கொட்டகை போட்டு, செபம் சொல்லி, திருநாளுக்கு ஏன் ஆடுகிறோம்? சாட்டியில் சிந்தாத்திரை மாதாவிடம் மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஏன் தொழிலுக்குப் போகிறோம்? பார்க்க வருகிறவர்களில் சைவக்காரரும் உண்டு. அரைக்கச் சந்தனம் கிடையாமல் தன் முழங்கையையே கல்லில் தேய்த்த மூர்த்தி நாயனாருக்குக் கை பழையபடி வந்த கதையோடு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களும் இதை வெறும் கதை என்று பார்ப்பதில்லை.

வேதாகமமே இந்த விஷயத்தில் அவசரப்படவில்லை. யோபுவுக்கு ஆடுமாடு இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது, பிள்ளைகளும் மறுபடி பிறக்கிறார்கள். ஆனால் இறந்த பிள்ளைகள் இறந்தவர்கள்தான். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் கணக்கையே மறுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்த்தெழுந்தவர் தோமாவுக்குக் காட்டியது ஆணி துளைத்த கைகளை. சாவை வென்ற உடம்பிலிருந்து அந்தத் துளைகளை அழித்துவிட முடியாதா? அவர் அவற்றை வைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் யோசித்தபின் எனக்குத் தெளிவான ஒன்றைச் சொல்கிறேன். இந்த மண்ணில் செத்தவீடுகளில் மிக எளிதாகச் சொல்லப்படும் ஆறுதல், எல்லாம் கடவுளின் சித்தம் என்பது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அதையும் கடவுளின் சித்தம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். வெட்டியவர்கள் மனிதர். ஞானசௌந்தரியின் கைகளை வெட்டச் செய்ததும் லேனாளின் பொறாமை. மாதா வந்து அந்தக் கைகளைத் திருப்பிக் கொடுக்கிற காட்சியைத் தூக்கிவிட்டால், கூத்தில் கடைசி வார்த்தை லேனாளுடையதாகிவிடும். வானம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது, ஆகவே சம்மதித்தது என்று சனம் வீட்டுக்குப் போகும். கைகள் திரும்பி வரும்போதுதான் வெட்டு கடவுளுடைய வேலை அல்ல என்று மேடை வாய்விட்டுச் சொல்கிறது. வெட்டச் சொன்னவரே திருப்பிக் கொடுப்பாரா?

ஆகவே இந்தக் காட்சியை நான் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். உனக்கும் இப்படி நடக்கும் என்று யாருக்கும் அது வாக்குக் கொடுக்கவில்லை. உனக்கு நடந்தது அநியாயம், கடவுள் உன் பக்கம் என்று மட்டும் சொல்கிறது. நடந்ததை நீதி என்று சொல்லிச் சகித்துக்கொண்டு இருக்கவேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவும் ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு.

தீர்ப்பென்றால் ஆட்டமும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். நாங்கள் எழுதியெடுத்த கொப்பியில் அவள் செபிக்கிற விருத்தம் முடிந்த கையோடு மாதாவின் வரவுப்பாட்டு வரும். கேட்டாள், கிடைத்தது என்று கூலி கொடுப்பது போல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் இடம் விட்டேன். செபம் முடிகிறது, ஒன்றும் நடக்கவில்லை. மத்தளமும் இல்லை, பிற்பாட்டும் இல்லை. அவள் குனிந்து வாயால் தண்ணீர் குடிக்கிறாள். பிள்ளையைச் சுற்றிய துணியைப் பல்லால் கவ்வி இழுத்து, முழங்கைகளால் அணைத்துக்கொண்டு நடக்கிறாள். செபத்துக்கான பதில் என்று யாரும் கணக்குப் போட முடியாத ஒரு நேரத்தில், கேளாமலே மாதா வருகிறா.

ஞானசௌந்தரி வேடத்தைப் போடுகிறவர் நண்டு வலைத் தொழிலாளி. தென்மோடி ஆட்டத்தில் பாதிப் பேச்சு கையில் இருக்கிறது. கையைப் பொத்தி, முட்டியோடு சேர்த்துச் சிவப்புத் துணியால் மணிக்கட்டுவரை இறுக்கிக் கட்டியபின், அவருக்கு மிஞ்சுவது கழுத்து, தோள், கால், குரல் இவைதான். பழக்கத்தின் தொடக்கத்தில் பாட்டின் இழுப்பில் கை தானாக எழும்பிவிடும். போகப்போக அந்த எழும்பலையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இல்லாத கை எழும்பப் பார்ப்பதை, அது தெரிந்தவர்கள் உடனே அறிவார்கள்.

மாதாவாக வருகிற பிள்ளை துணியை அவிழ்க்கும்போது மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிய சிவப்பு நூலை மட்டும் விட்டுவிடுவா. அந்த நூலோடுதான் ஞானசௌந்தரி பிலேந்திரனைக் காண்கிறாள், அந்த நூலோடுதான் மங்களம் பாடுகிறாள். வெள்ளுடுப்பு ஒத்திகை பார்க்க வந்த சிலர், மாதா குணமாக்கினால் தழும்பு ஏன் என்று கேட்டார்கள். தோமாவைக் கேளுங்கள் என்றேன்.

கிரிம் சகோதரரின் கதையில் எங்கள் கொப்பியில் இல்லாத ஓர் அங்கம் உண்டு. கைகள் வளர்வதற்கு முன்னரே, அரசன் அவளுக்கு வெள்ளியில் கைகள் செய்து கொடுக்கிறான். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால்கள் செய்து அளவு பார்த்துப் பூட்டுகிறவர்களை நான் அந்த அரசனோடு சேர்த்தே நினைக்கிறேன். மாதா வரும்வரைக்கும் மனிதர் சும்மா இருக்கவேண்டும் என்று கதை சொல்லவில்லை. வெள்ளிக் கை செய்வது எங்கள் கடமை. அதைச் செய்யாமல் புதுமையை மட்டும் ஆடுகிற ஊருக்கு அந்தக் காட்சியை ஆடுகிற தகுதி இல்லை.

பெடியன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பனுக்கு அந்தக் காட்சி பாரமாக இருக்கும் என்றுதான் சொல்லுகிறான். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் அவனைத் திருத்த நான் போகவில்லை, காட்சியை விடவும் இல்லை. அடுத்த திருநாளுக்குக் கொப்பியை விரிக்கும்போது இதே கேள்வியை அவன் மறுபடி கேட்கவேண்டும். அந்தக் கேள்வி இல்லாமல் ஆடினால் அது வேடிக்கையாகிவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஆடாமல் விட்டால் கத்திக்கே வெற்றியைக் கொடுத்தவர்களாவோம். அநியாயத்தைக் கடவுளின் பெயரில் எழுதாதிருப்பதே பக்தியின் முதற்பாடம் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி இந்தக் கூத்துத்தான்.