வினையுள்ள விளையாட்டு

இல்லாத ஒரு விளையாட்டு லீக்கைத் தாளிலே உருவாக்கிப் பல ஆண்டுகள் நடத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எட்டு நகரம், எட்டுக் கழகம், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலச்சினை, சொந்த ஊரில் ஆட ஒரு சட்டை, வெளியூரில் ஆட இன்னொன்று, அதன் பின்னால் அறுபது எழுபது ஆண்டு வரலாறு. இலச்சினையை வரையும்போது அவர்கள் எந்தக் கட்டுப்பாட்டையும் மதிப்பதில்லை. பிடித்த நிறம், பிடித்த விலங்கு, பிடித்த எழுத்து. வரலாற்றுக்கு வந்தவுடன் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். தனக்குப் பிடித்த அணியையே ஆண்டுதோறும் வெல்ல வைப்பவரைக் காண்பது அரிது. திவாலான கழகம், தீப்பிடித்த அரங்கம், வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்ட அணி, முப்பது வருடம் கிண்ணத்தைத் தொடாத அணி என்று அந்த வரலாறு துன்பத்தால் நிரம்பி வழிகிறது. தடுக்க ஆளில்லாத, எல்லாம் தன் விருப்பப்படி நடக்கக்கூடிய ஓர் உலகில் ஒருவர் ஏன் தோல்வியைப் படைக்கிறார்? பொழுதுபோக்கு பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், கடவுளிடம் மனிதர் மிகப் பழைய காலத்திலிருந்து கேட்டுவரும் கேள்விதான் இது.

கியூபெக்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து லோவல் நகரில் வாழ்ந்த பெற்றோரின் மகன் ஜாக் கெரோவாக். வீட்டில் பேசியது பிரெஞ்சு. நாடோடி வாழ்க்கையின் எழுத்தாளர் என்று பின்னாளில் பெயர் வாங்கிய இவர், சிறுவயதிலேயே ஒரு கற்பனை பேஸ்பால் லீக்கைத் தொடங்கிப் பெரியவரான பிறகும் நடத்திவந்தார். பொஸ்டன் ஃபோர்ட்ஸ், பிட்ஸ்பர்க் பிளிமத்ஸ் என்று கார்களின் பெயரில் அணிகள். வீரர் ஒவ்வொருவருக்கும் புள்ளிவிவரம், ஆட்ட முடிவுகளைச் சொல்லும் செய்தித்தாள், எல்லாம் அவரே எழுதியவை. அந்தத் தாள்கள் இப்போது நியூயோர்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் இருக்கின்றன. எழுத்தில் தணிக்கையே கூடாது, மனம் போகிற போக்கில் போக வேண்டும் என்று வாதாடிய மனிதர் இந்த லீக்கில் மட்டும் தான் வகுத்த விதிகளுக்கும் ஆட்டத்துக்கு எடுத்த சீட்டு காட்டும் முடிவுக்கும் பணிந்து நடந்தார். 1968-இல் ரொபர்ட் கூவர் எழுதிய நாவல் இந்தப் பணிவை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்கிறது. ஜே. ஹென்றி வாஹ் என்ற கணக்காளர் மூன்று பகடைகளை வைத்து ஒரு பேஸ்பால் சங்கத்தை நடத்துகிறார். (அவர் பெயரில் யூத வேதத்தின் இறைப்பெயர் ஒளிந்திருப்பதை விமர்சகர்கள் உடனே கண்டுகொண்டார்கள்.) அவர் மகனைப் போல நேசித்த இளம் வீரன் டேமன் ரதர்ஃபோர்டைப் பகடை கொன்றுவிடுகிறது. எதிரணியின் ஜொக் கேசி வீசிய பந்து தலையில் பட்டு அவன் சாகிறான். கணக்காளர் நினைத்திருந்தால் பகடையை மீண்டும் உருட்டியிருக்கலாம். உருட்டவில்லை. ஒரு தடவை உருட்டினால் அதுவரை நடந்த எல்லா ஆட்டமும் பொய்யாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், முதல் பாதத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்சேபங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எந்தக் குறையும் இல்லாத பரம்பொருள் ஏன் உலகைப் படைக்க வேண்டும் என்பது முதலாவது. அது வெறும் விளையாட்டு என்பது பதில். கம்பரும் தம் காப்பியத்தின் வாசலிலேயே ஆக்கல், காத்தல், நீக்கல் மூன்றையும் இறைவனின் ஓயாத விளையாட்டாகத்தான் கண்டார். நம்மில் பெரும்பாலானோர் இந்தப் பதிலோடு நின்றுவிடுகிறோம். சூத்திரம் நிற்கவில்லை. விளையாட்டு என்றால் ஒருவனை அரசனாகவும் இன்னொருவனைப் புழுவாகவும் படைத்தது ஓரவஞ்சனை இல்லையா, கொடுமை இல்லையா என்று அது தன்னையே அடுத்துக் கேட்கிறது. இல்லை, ஏனென்றால் படைப்பவர் உயிர்களின் முன்வினையைச் சார்ந்தே படைக்கிறார் என்று விடை சொல்கிறது. சங்கரர் இதற்கு மழையை உவமை காட்டுகிறார்: மழை எல்லா வயலுக்கும் பொது, ஒரு வயலில் நெல்லும் இன்னொன்றில் வாற்கோதுமையும் முளைப்பதற்கு அந்தந்த வித்தே காரணம். என் வாதம் இந்த இரண்டாம் பதிலில்தான் தொடங்குகிறது. முதல் பதிலுக்கு ஒட்டுப்போட வந்த துணைவாதமாக அதை எண்ணுவது வழக்கம். உண்மையில் அது இல்லாமல் விளையாட்டே இல்லை. நடந்ததைச் சாராமல், ஒவ்வொரு கணமும் படைப்பவரின் விருப்பம் ஒன்றினாலேயே நடக்கும் உலகத்தில் ஆடுவதற்கு எதுவுமில்லை, அங்கே கட்டளைகள் மட்டுமே உண்டு. கற்பனை லீக்குக்கு எழுதப்படும் வரலாறு அந்த லீக்கின் வினை. போன சீசனின் தோல்வி இந்த சீசனின் மேல் ஏறி உட்காராவிட்டால், எழுதியவருக்கே தன் லீக்கின்மேல் நம்பிக்கை வராது.

கற்பனை லீக்குக்குத்தான் இதெல்லாம், உண்மையான கழகங்களின் வரலாறு தானாக விளைந்தது, எவரும் வரைந்ததல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மொன்ட்ரியாலில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கடினம். பிரெஞ்சுக் கனடியரின் ஆன்மாவே என்று போற்றப்படும் கனடியன்ஸ் ஹொக்கிக் கழகத்தை 1909 டிசம்பரில் தொடங்கியவர் அம்ப்ரோஸ் ஓ'பிரையன், ஒன்ராறியோவின் ரென்ஃப்ரூவைச் சேர்ந்த ஆங்கிலம் பேசும் பணக்காரர். புதிய லீக்குக்குக் கூட்டம் சேர வேண்டும், ஆங்கிலேயர் அணிக்கு எதிரே ஒரு பிரெஞ்சு அணி இருந்தால் மோதல் சூடுபிடிக்கும் என்பதுதான் கணக்கு. அதாவது ஓர் இனத்தின் அணியை ஒரு முதலாளி வடிவமைத்தார். சட்டையும் முதல் சில ஆண்டுகளில் நீலம், சிவப்பு, குறுக்குப் பட்டை என்று மாறிக்கொண்டே இருந்தது. சிஎச் என்ற இலச்சினையில் எச் ஹொக்கியைக் குறிக்கிறது. 1924-இல் நியூயோர்க்கின் டெக்ஸ் ரிக்கார்ட் அதை 'அபிதான்', அதாவது பழைய கியூபெக் குடியானவர், என்று பொருள்கொண்டதாக ஒரு கதை உண்டு. அந்தப் பிழையிலிருந்து கிடைத்த 'ஹாப்ஸ்' என்ற செல்லப்பெயரைத்தான் ரசிகர்கள் இன்றும் அரங்கில் கத்துகிறார்கள். தாளில் லீக் நடத்துகிறவர்கூட இவ்வளவு துணிச்சலாக எழுதமாட்டார்.

அப்படியானால் அந்தச் சட்டை எப்போது உண்மையானது? அதன்மேல் ஏதோ ஒன்று நடந்து, அதை எவராலும் திருப்பியெடுக்க முடியாமல் போனபோது. 1955 மார்ச்சில் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் கனடியன்ஸின் நட்சத்திர வீரர் மொரிஸ் ரிஷாரை அந்த சீசனின் மீதி ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடைசெய்தார். 17ஆம் தேதி இரவு செயின்ட் கத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. கியூபெக்கின் அரசியல் விழிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த இரவைக் குறிப்பிடாமல் போவதில்லை. 1979-இல் ரொஷ் கரியே எழுதிய சிறுகதையில், ரிஷாரின் ஒன்பதாம் எண் சட்டை கேட்ட கிராமத்துப் பையனுக்கு ஈட்டன்ஸ் கடை தவறுதலாக ரொறன்ரோ அணியின் சட்டையை அனுப்பிவிடுகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஆடப்போய்ச் சிக்கலில் மாட்டியவனை இளம் பாதிரியார் மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்கு அனுப்புகிறார். பையனோ பூச்சிகளை அனுப்பிச் சட்டையை அரித்துவிடும்படி ஆண்டவரை வேண்டுகிறான். கனடாவின் பிள்ளைகள் எல்லோரும் படித்துச் சிரிக்கும் கதை, ஆனால் வேண்டுதல் நகைச்சுவையல்ல. மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் ஒலிவியே போவர் 2009-இல் 'கனடியன்ஸின் சமயம்' என்று ஒரு வகுப்பே நடத்தினார். கழகத்தின் சட்டைக்கு ஊரார் வைத்த பெயர் 'புனிதக் கம்பளி'. மொன்ட்ரியால்-நோர் 1915 முதல் தனி நகரமாக இருந்து 2002-இல் மாநகரத்தோடு இணைக்கப்பட்ட இடம், ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்தது. அங்கே இந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு திரியும் ஒரு பையனின் முன்னோருக்கு 1909-உம் நேரவில்லை, 1955-உம் நேரவில்லை. ஆனால் கழகம் கடைசியாக ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1993-இல், அதற்குப் பிந்திய வெறுமை முழுவதிலும் அவனுக்குப் பங்கு இருக்கிறது. சட்டையோடு அதையும் அவன் வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று கழற்றி வைக்க அவனுக்கு வழி இருக்கிறது, வெற்றியை மட்டும் வைத்துக்கொள்ள வழி இல்லை.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. நடக்காததை நடந்ததாக எழுதுவது பொய், பொய்க்குத் தத்துவம் பூசுவது அதைவிடப் பெரிய பொய். வரலாறு அழிக்கப்பட்ட அனுபவமுள்ள தமிழருக்கு இந்த மறுப்பு சுருக்கென்று தைக்கும். ஆனால் நமக்குத் தலபுராணம் என்ற இலக்கிய வகையும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரூராகக் கேட்டவர்களுக்கெல்லாம் பாடிக்கொடுத்தார். ஊருக்கு ஒரு முனிவர், ஒரு சாபம், ஒரு தீர்த்தம், ஒரு விமோசனம். அவரைப் பொய்யர் என்று எவரும் சொன்னதில்லை. ஏன்? அந்தப் புராணம் ஊரின்மேல் ஒரு கடமையைச் சுமத்தியது: இன்ன நாளில் இன்ன தீர்த்தத்தில் நீராட்டு, இன்ன குலத்தார் தேருக்கு முதல் வடம். இலச்சினைகூட நம் மரபில் அழகுக்காக வைத்தது அல்ல. முருகன் கொடியில் சேவல் வந்ததும் அடியில் மயில் வந்ததும் சூரன் இரண்டாகப் பிளந்து விழுந்ததால். தோற்றவனைத் தன் அடையாளமாகச் சுமக்கிற கடவுள் அவர். மொன்ட்ரியாலின் மேற்குப் புறத்திலே டொலார்-டெ-ஓர்மோவில் ஈழத்தமிழர் எழுப்பிய முருகன் கோயிலுக்குப் பழைய தலபுராணம் கிடையாது. அங்கே ஏறுகிற கொடிக்கு அது இருக்கிறது.

ஆகவே பொய்யையும் படைப்பையும் பிரிக்க வேறு அளவுகோல் வேண்டும். எழுதிய வரலாறு யார்மேலாவது ஒரு கடனை ஏற்றினால் அது படைப்பு, யாரையாவது கடனிலிருந்து தப்பவிட்டால் அது பொய் என்பேன். தேசிய ஹொக்கி லீக் தன் 'ஆதி ஆறு' அணிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. 1917 நவம்பரில் மொன்ட்ரியாலின் வின்ட்சர் ஹொட்டலில் லீக் தொடங்கியபோது அந்த ஆறில் இரண்டு ஊர்களே அங்கே இருந்தன. மற்ற நான்கும் பிறகு வந்தவை. கூட இருந்த மொன்ட்ரியால் வாண்டரர்ஸ் தன் அரங்கம் 1918 ஜனவரியில் தீக்கிரையானதும் விலகியது. 'ஆதி ஆறு' என்ற சொல் அந்தச் சாம்பலைத் துடைத்துவிடுகிறது. நடந்த நிகழ்ச்சிகளால் கட்டிய பொய் அது. மறுபக்கம், தமிழீழம் என்ற பெயரில் ஓர் உதைபந்தாட்ட அணி 2014-இல் ஸ்வீடனிலும் 2018-இல் லண்டனிலும் நாடற்றோர் கூட்டமைப்பின் உலகக் கிண்ணத்தில் ஆடியது. அப்படி ஒரு நாடு எந்த அரசின் பட்டியலிலும் இல்லை, சட்டையும் இலச்சினையும் வடிவமைக்கப்பட்டவை, வீரர்களும் புலம்பெயர் நாடுகளில் வளர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் வாங்கிய கோல்கள் வாங்கியவையே. கடனைத் தட்டிக்கழித்ததும் ஏற்றதும் ஒரே கதையில் உண்டு. எக்ஸ்போஸ் பேஸ்பால் அணி 1969 முதல் 2004 வரை மொன்ட்ரியாலில் ஆடி, அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது. கேரி கார்ட்டரின் 8, ஆந்த்ரே டோசனின் 10, டிம் ரெய்ன்ஸின் 30 ஆகிய எண்களை இனி எவரும் அணியக்கூடாது என்று மொன்ட்ரியாலில் ஒதுக்கியிருந்தார்கள். வாஷிங்டன் அவற்றை எடுத்து வேறு வீரர்களுக்குக் கொடுத்தது. உரிமை அவர்களுடையது, சட்டப்படி குற்றமில்லை. அந்த எண்களுக்கான பதாகையை 2005 அக்டோபரில் தன் அரங்கின் கூரையில் ஏற்றியது கனடியன்ஸ் ஹொக்கிக் கழகம். அதற்கும் பேஸ்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கடைசி மறுப்புக்கு என்னிடம் பாதி விடையே உண்டு. கற்பனை லீக்காரரின் கட்டுப்பாடு பாசாங்குதானே, நோட்டுப்புத்தகத்தைக் கிழித்தால் எல்லாம் முடிந்தது என்பார்கள். கிழிக்க முடிவது வேறு, உள்ளே இருந்துகொண்டு மாற்ற முடிவது வேறு. சங்கார காலத்தில் உலகம் ஒடுங்கும் என்று நம்புகிறவரும் நேற்று நடந்தது நடக்காமல் போகும் என்று நம்புவதில்லை. இதுவரை உவமை தாங்குகிறது. பொறுப்பு என்று வரும்போது முறிகிறது. ரதர்ஃபோர்டைக் கொன்றது பகடை என்று கணக்காளர் சொல்லலாம், ஆனால் எந்த எண் விழுந்தால் சாவு என்ற பட்டியலை எழுதியவர் அவரே. வினைக்குத் தொடக்கமே கிடையாது, அந்தப் பட்டியலை எவரும் எழுதவில்லை என்று வேதாந்தம் தப்பிக்கிறது. சைவ சித்தாந்தி அருணந்தி சிவாச்சாரியார் இன்னும் நேர்மையாக, இறைவனின் தொழில்களை விளையாட்டு என்று சொன்னாலும் அவற்றின் நோக்கம் உயிர்களின் மலங்களைத் துடைத்துக் கரையேற்றுவதே என்று வாதிடுகிறார். ஐந்தொழிலில் மறைத்தலும் சித்தாந்திக்கு அருளே. தாளில் லீக் நடத்துகிறவருக்கு இந்த இரண்டு வாதமும் கிடைக்காது. அவருடைய பட்டியலுக்குத் தேதி உண்டு, அவருடைய வீரர்களுக்குக் கரையேற இடம் இல்லை. கூவரின் கணக்காளர் இதைத் தாங்க முடியாமல் கடைசியில் பகடையைக் கையால் திருப்பிவைத்து ஜொக் கேசியைக் கொன்றார். நீதி செய்ததாக அவருக்கு நினைப்பு. நாவலின் இறுதி அத்தியாயத்தில் நூறு சீசன் கடந்துவிட்டது, கணக்காளர் எங்கும் இல்லை, வீரர்கள் அந்த இரண்டு மரணங்களையும் சடங்காக நடித்துக்கொண்டு, அவற்றின் பொருள் என்ன என்று கட்சி பிரிந்து சண்டை பிடிக்கிறார்கள். ஓ'பிரையனும் ஒரே சீசனில் ஒதுங்கிக்கொண்டார், கழகம் ஜோர்ஜ் கெனடியிடம் போனது. படைத்தவர் போன பிறகும் ஆட்டம் நடக்கிறது என்பதை வைத்து அவர் செய்ததெல்லாம் சரி என்று ஆகாது. ரதர்ஃபோர்டின் சாவுக்குக் கணக்காளர் பணிந்ததை நான் ஏற்கிறேன். அந்தச் சாவுக்குப் பட்டியலில் இடம் வைத்ததை ஏற்க எனக்கு இன்னும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.