பொய்யில் பூத்த எழுத்து

ஃபிராங்க் மெக்கோர்ட் 1958-இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவின் மெக்கீ தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். நாளுக்கு ஐந்து வகுப்பு. எதிரே, பட்டறை வேலைக்குப் போகவிருந்த பிள்ளைகள். கட்டுரை எழுதச் சொன்னால் ஒருவர் பேனாவும் நகராது.

ஆனால் மட்டம் போட்ட மறுநாள் அவர்கள் கொண்டுவந்த விடுப்புக் கடிதங்கள்? அம்மா எழுதியதுபோலவே இருக்கும்; எழுதியதோ பிள்ளைகளே. கற்பனையும் அபாரம்! மெக்கோர்ட் யாரையும் தலைமையாசிரியரிடம் அனுப்பவில்லை. அந்தக் கடிதங்களைப் பெயர் இல்லாமல் தட்டச்சு செய்து வகுப்பிலேயே படிக்கக் கொடுத்தார். பிறகு, ஆதாமும் ஏவாளும் கடவுளுக்கு எழுதும் மன்னிப்புக் கடிதத்தை எழுதச் சொன்னார். மணியடித்த பிறகும் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்களாம். எந்தப் பயிற்சிக் கல்லூரியும் இதைச் சொல்லித் தந்திருக்காது.

அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது 1996-இல், 66-வது வயதில். மறுவருடமே புலிட்சர் பரிசு.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்து வரும் 'வயிற்றுவலி' கடிதத்தைக் கசக்கிப் போடுமுன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.