வேலியும் சாவியும்

ரஷ்யா மிரட்டினால் மேற்கு நாடுகள் ஏவுகணைத் தடுப்புத் தளங்களைக் கைவிடலாமா? ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால், "நமக்கெதுக்குப்பா அந்த வம்பு?" என்பார்கள். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த வேலியைப் பேராக் தோட்டங்கள் பார்த்திருக்கின்றன.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் வேலிக்குள் வந்தன. வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. பால் வெட்டப் போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது.

காட்டிலிருந்து வந்த ஆபத்து பொய்யில்லை. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் கையில் தொழிலாளர்களும் செத்திருக்கிறார்கள். ஆகவே வேலியே வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் உள்ளே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. சாவியும் அவர்களிடம் இல்லை. காட்டுக்காரர்களுக்கும் பயந்து, காவல்காரர்களுக்கும் பயந்து வாழ்ந்தார்கள்.

கேடயம் எப்படி மிரட்டலாகும் என்று கேட்கலாம். ஈட்டி மட்டும் வைத்திருப்பவனுக்குத் திருப்பி அடி விழும் என்ற பயம் இருக்கும். கேடயமும் கிடைத்துவிட்டால் அந்தப் பயம் குறையும். அதனால்தான் 1972 உடன்படிக்கையில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தங்கள் தடுப்பு அமைப்புகளுக்கு வரம்பு கட்டிக்கொண்டன. 2002இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. ரஷ்யாவின் கவலையில் நியாயம் உண்டு.

ஆனால் கவலை வேறு, மிரட்டல் வேறு. 2008இல் போலந்து தளத்துக்கு ஒப்பந்தம் போட்டதும், கலினின்கிராடில் ஏவுகணைகளை நிறுத்துவோம் என்றார் மெத்வதேவ். அடுத்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஒபாமா அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 1939இல் சோவியத் படை போலந்துக்குள் நுழைந்ததும் அதே தேதியில்தான். போலந்துக்காரர்கள் பலருக்கு அது துரோகமாகப் பட்டது. செக் நாட்டிலோ ரேடார் வேண்டாம் என்பதே பெரும்பான்மைக் கருத்தாக இருந்தது. அவர்களுடைய அரசாங்கம் அதை மீறித்தான் கையெழுத்திட்டிருந்தது. பிறகு புதிய திட்டத்தில் 2016இல் ருமேனியாவிலும் 2024இல் போலந்திலும் தளங்கள் வந்துவிட்டன.

கவலைக்குப் பதில் சொல்ல வேண்டும். தளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க விடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். மிரட்டலுக்காக மட்டும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கக்கூடாது. அப்படிக் கொடுத்தால் அண்டை நாட்டின் வாசலுக்கு மாஸ்கோவிடம் சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சாவி வாஷிங்டனிடம் மட்டும் இருப்பதும் சரியில்லை. போர் வந்தால் முதல் அடி தளம் இருக்கிற ஊருக்குத்தான்.

"ராணுவ விஷயத்தையெல்லாம் ஊரைக் கேட்டா செய்ய முடியும்?" என்பார்கள். ஆபத்து வாசலில் நிற்கும்போது முடியாமல் போகலாம். ஆனால் இந்தத் தளங்கள் ஒரே ராத்திரியில் முளைத்தவை இல்லை. வருஷக்கணக்கில் பேசிக் கட்டியவை. கேட்பதற்கு நேரம் இருந்தது.

போலந்து மக்கள் வேண்டும் என்றால் மாஸ்கோவின் கோபத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். செக் மக்கள் வேண்டாம் என்றால் வாஷிங்டன் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டும். வல்லரசுகளுக்கு இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.