கேட்கப்பட்டவளின் மௌனம்

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நமக்குப் பழமொழி. வங்கியில் அது நடைமுறை. கணக்கின் இருப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போகும். இத்தனை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் சரியென்று ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று அதன் அடியில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் கடிதத்தைப் பிரிப்பதே இல்லை. பிரிக்காததும் சம்மதத்தில்தான் சேர்த்தி. 'கருதப்படும்' என்ற வினையில் கருதுகிறவன் யார் என்பது காணாமல் போய்விடுகிறது. இஸ்லாமியச் சட்டத்தில் திருமணத்துக்குப் பெண் தரும் சம்மதம் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் தட்டுப்பட்டது இந்த வினைச்சொல்தான்.

நபிமொழி பிரசித்தமானது. ஏற்கெனவே மணமாகியிருந்தவளை அவள் சொல் இல்லாமல் மணம் முடித்துக் கொடுக்கக் கூடாது. கன்னியை அவள் அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது. கன்னி வெட்கப்படுவாளே, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்கள். அவள் பேசாமலிருப்பதே அனுமதி என்று பதில் வந்தது. இதில் கடைசிப் பகுதியை மட்டும் கையில் எடுத்துக்கொள்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வருவது கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம். நாணத்தால் வாய் வராதவளைப் பேசு என்று நெருக்கவேண்டாம் என்ற சலுகை பிறகுதான் வருகிறது. சலுகை அவளுக்காக ஏற்பட்டது. அதைக் கேட்கிறவனின் உரிமையாக மாற்றுவதற்கு அதிக சாமர்த்தியம் தேவைப்பட்டிருக்காது. தமிழில் கேட்பது என்றால் வினவுவதும்தான், செவி கொடுப்பதும்தான். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வசதி நம் மொழியிலேயே இருக்கிறது.

சட்ட அறிஞர்கள் இந்த அபாயத்தை அறியாதவர்கள் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் மர்கினானி எழுதிய 'ஹிதாயா' ஹனஃபி மரபின் முக்கிய நூல். சார்லஸ் ஹாமில்டன் அதை ஆங்கிலமாக்கி 1791ல் வெளியிட்டார். இந்தியாவில் வெள்ளைக்கார நீதிபதிகள் வெகுகாலம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வறட்டுச் சட்டநூல் என்று நினைத்துத்தான் எடுத்தேன். மௌனத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நாவலாசிரியர்கள் நம்மிடம் குறைவு. பெண் சிரித்தால் சம்மதம்; ஏளனமாகச் சிரித்தால் அல்ல. சத்தமில்லாமல் அழுதால் அது பிறந்த வீட்டைப் பிரியும் துக்கமாக இருக்கலாம். சத்தம்போட்டு அழுதால் மறுப்பு. மாப்பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரியும்படி சொல்லியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் மௌனத்துக்குப் பொருளில்லை. நெருங்கிய பொறுப்பாளன், அதாவது வலீ, கேட்டால்தான் மௌனம் செல்லும். அந்நியன் கேட்டால் வாய் திறந்து சொல்லவேண்டும். இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தியது ஒரு வழக்கு. திருமணச் செய்தி உனக்கு வந்தது, நீ பேசாமலிருந்தாய் என்கிறான் கணவன். இல்லை, மறுத்தேன் என்கிறாள் அவள். யார் சொல் எடுபடும்? அவள் சொல்தான் என்கிறது ஹிதாயா. அதே மரபைச் சேர்ந்த ஸுஃபர் மட்டும், அவன் சொல் என்கிறார்.

ஹனஃபி மரபில் வயது வந்த, புத்தி தெளிந்த பெண் தன் திருமணத்தைத் தானே முடித்துக்கொள்ள முடியும். ஷாஃபி மரபு அப்படியல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பரவியிருப்பது அதுதான். அங்கே வலீ இல்லாமல் திருமணம் இல்லை. பழைய நூல்களின்படி தகப்பனோ தகப்பனின் தகப்பனோ கன்னிப் பெண்ணை, அவள் பருவம் எய்தியவளானாலும், அவளைக் கேட்காமலே மணம் முடித்துக் கொடுக்கலாம். கேட்பது விரும்பத்தக்கது, அவ்வளவுதான். மாப்பிள்ளை தகுதியில் சமமானவனாக இருக்கவேண்டும், தகப்பனுக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. இந்த அதிகாரத்துக்கு 'இஜ்பார்' என்று பெயர். வற்புறுத்தல் என்று அர்த்தம். பெயரில் ஒளிவுமறைவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இலங்கையில் 1951ல் இயற்றிய 13ஆம் எண் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஷாஃபிப் பெண்ணின் திருமணத்தில் வலீ நேரில் இருந்து, அவளுடைய சம்மதத்தையும் தன்னுடைய ஒப்புதலையும் தெரிவிக்கவேண்டும் என்றது. வலீ இல்லாதபோது அல்லது மறுக்கும்போது காதி அனுமதி தரலாம். ஆக, சம்மதம் தேவையில்லை என்று சட்டம் சொல்லவில்லை. சம்மதத்துக்கு இடம் இருக்கிறது, வேறொருவர் வாயில். பதிவேட்டில் மணமகனும் வலீயும் நிக்காஹ் நடத்தியவரும் கையொப்பமிட ஏற்பாடு செய்த சட்டம் மணமகளுக்கு அதைச் செய்யவில்லை. சீர்திருத்தத்துக்கென்று 2009ல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. ஒன்பது வருஷம் கழித்து, 2018ல், ஒன்றோடொன்று சேராத இரு தரப்புக் கருத்துகளுடன் அறிக்கை வந்தது. முஸ்லிம் பெண்கள் கேட்டவற்றில் ஒன்று மிகச் சிறியது: மணமகளின் கையொப்பம்.

கையொப்பம் புனிதமான வஸ்து என்று நான் நம்பவில்லை. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து வருஷமாக என் பிழைப்பு. கணவன் வாங்கும் கடனுக்கு மனைவி ஜாமீனாக ரேகை வைக்கிறாள். வாசித்துக் காட்ட, கேட்டு விளங்கிக்கொண்டு வைத்தது என்று மேலே அச்சிட்டிருக்கும். அவள் கண் தாளில் இராது, அவன் முகத்தில் இருக்கும். ஆனாலும் கையொப்பத்துக்கு மௌனத்துக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அது இல்லாவிட்டால் இல்லை என்பது தெரியும். தாளில் வெற்றிடம் கண்ணில் படும். மறுப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. இஷ்டப்பட்ட பெண்ணின் மௌனத்துக்கும், பயந்த பெண்ணின் மௌனத்துக்கும் அறைக்கு வெளியே நிற்பவனிடம் எந்த வித்தியாசமும் இல்லை. மறுத்திருந்தால் காதில் விழுந்திருக்கும் என்ற நிலைமை இருந்தால்தான் மௌனம் சம்மதமாக முடியும்.

இதை அடுத்த வீட்டு விஷயமாக எழுத எனக்குக் கூச்சம்தான். எங்கள் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் சந்நிதியில் கம்பம்தான் மூலவர். அந்தப் பக்கத்து முகூர்த்தங்களில் தாரை வார்க்கும்போது தகப்பன் பேசுகிறார், புரோகிதர் பேசுகிறார், மாப்பிள்ளை திருப்பிச் சொல்கிறான். பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால்தானே மௌனத்துக்கு அர்த்தம் தேடவேண்டும்? இந்துத் திருமணச் சட்டமே 1978 வரை 18 வயது நிரம்பாத மணமகளுக்காகக் காப்பாளர் தரும் சம்மதத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967ல் சென்னைச் சட்டமன்றம் சேர்த்த 7ஏ பிரிவு, இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வதைத் திருமணமாக்கியது. நல்ல வாக்கியம். ஆனால் அதே பிரிவில் 'அல்லது' போட்டு மாலையும் மோதிரமும் தாலியும் வந்துவிட்டன. சொல் மறுபடியும் கட்டாயமில்லாமல் போயிற்று.

நபிமொழித் தொகுப்புகளில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. ஓர் இளம்பெண் ஆயிஷாவிடம் வந்து, தன் அந்தஸ்தை உயர்த்திக்கொள்ளத் தகப்பன் தன்னை அண்ணன் தம்பி மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார், தனக்கு இஷ்டமில்லை என்கிறாள். நபி வரும்வரை உட்கார் என்கிறார் ஆயிஷா. நபி வந்து தகப்பனுக்கு ஆள் அனுப்புகிறார். முடிவை அவள் கையில் கொடுக்கிறார். அப்போது அவள், அப்பா செய்ததை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன், இந்த விஷயத்தில் தகப்பன்மாருக்கு அதிகாரம் இல்லை என்று பெண்கள் அறியவேண்டும் என்றுதான் வந்தேன் என்கிறாள்.

அதே மாப்பிள்ளை, அதே வீடு. அவள் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.