விற்பது வேறு, விலைபோவது வேறு

கலைஞன் தன் கலையை விற்கலாமா? கூடாது என்பர் ஒரு சாரார். கலை தூயது, காசு மாசு, இரண்டும் ஒரே கையில் இருத்தல் தகாது என்பது அவர்தம் வாதம். விற்றால்தானே அடுப்பெரியும், அடுப்பெரிந்தால்தானே பாட்டெழும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றை மறந்து பேசுகின்றனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. விற்பது வேறு, விலைபோவது வேறு. உழவன் நெல்லை விற்கிறான். விற்ற பின்னும் அவன் உழவனே. அடுத்த ஆண்டும் அவன் ஏர் அவன் நிலத்தில்தான் ஓடும். நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டவனோ, அதே வரப்பில் கூலிக்கு நிற்கிறான். வயல் அதுதான், வியர்வையும் அதுதான். ஆனால் மனிதன் மாறிவிட்டான்.

கலையிலும் இந்த வேற்றுமை உண்டு. அதை நமக்கு விளக்கிக் காட்டியவர்கள் பேரறிஞர்கள் அல்லர். அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், கிதாரும் முரசும் முழங்க ராக் இசை பாடி, தம் முதல் இசைத்தட்டை வெளியிட முனைந்த இளைஞர் சிலர்.

அத்தகைய குழுவின் முன் அகன்ற பாதை ஒன்று எப்போதும் விரிந்து கிடக்கிறது. பெரிய இசைத்தட்டு நிறுவனம் அழைக்கும், முன்பணம் நீட்டும், ஒப்பந்தத்தை விரிக்கும். பதிவுச் செலவு அந்த முன்பணத்திலிருந்தே போகும். தட்டு விற்கத் தொடங்கியதும், குழுவினர்க்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து முன்பணம் முழுவதும் கழிக்கப்படும். கடன் தீர்ந்ததா? தீர்ந்தது. பாடல் திரும்பியதா? திரும்பாது! மூலப்பதிவு நிறுவனத்தின் சொத்து என்பதே நெடுங்கால வழக்கம். முதலும் வட்டியும் செலுத்திய பின்னும், அடகு வைத்த நகை கடைக்காரரிடமே தங்கிவிடுவதைப் போன்றது இது.

எளியோர்க்கு மட்டுமா இந்த நிலை? உலகப் புகழ் பெற்ற பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பாடிய முதல் ஆறு தொகுப்புகளின் மூலப்பதிவுகள், 2019-இல் அவர் மனம் நோக வேறொருவர் கைக்கு மாறின. 2021 முதல், முன்பு பாடிய பாட்டையே மீண்டும் பாடிப் பதிவு செய்து வெளியிடலானார் அவர். 2025-இல்தான் அந்தப் பழைய பதிவுகளை விலை கொடுத்து வாங்கினார். தன் குரலைத் தானே விலைக்கு வாங்கும் விந்தையை எண்ணிப் பாருங்கள்!

இனி வாஷிங்டன் இளைஞர்களைக் காண்போம். டீன் ஐடில்ஸ் என்பது அவர்கள் குழுவின் பெயர். நால்வர், பள்ளிப் பருவத்தை அப்போதுதான் கடந்தவர்கள். சிறு சிறு நிகழ்ச்சிகளில் கிடைத்த ஊதியத்தைப் பங்கிடாமல் பொதுவில் சேர்த்து வைத்தனர். 1980 நவம்பரில் குழு கலைந்தபோது கையிருப்பு ஏறத்தாழ 600 டாலர். நான்காகப் பிரித்தால் தலைக்கு 150. வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவர்களோ, கலைந்துவிட்ட குழுவின் பாடல்களைத் தட்டாக்க முடிவு செய்தனர். இனி மேடையேறிப் புகழ் சேர்க்கப் போவதில்லை என்று தெரிந்த பின்னும், செய்த வேலை அழியக்கூடாது என்று கருதினர்.

எட்டுப் பாடல்கள், ஆயிரம் தட்டுகள். உறையைத் தாமே வெட்டி, தாமே மடித்து, தாமே ஒட்டினர். வெளியீட்டகத்துக்கு டிஸ்கார்ட் என்று பெயரிட்டனர். இசைவின்மை என்று பொருள்படும் அச்சொல்லின் உள்ளே, சுரங்களின் கூட்டொலியைக் குறிக்கும் மற்றொரு சொல்லை எழுத்து மாற்றிப் பொதிந்து வைத்தனர். அந்த முதல் தட்டு விற்ற பணம், நகரின் மற்றக் குழுக்களின் தட்டுகளுக்கு முதலாயிற்று. ஒருவர் அறுவடை அடுத்தவர்க்கு விதைநெல்!

அந்த நால்வருள் ஒருவரான இயன் மெக்கே, 1987-இல் ஃபுகாசி என்னும் குழுவைத் தொடங்கினார். அக்குழு முதல் முழுநீளத் தட்டுக்கு அவசரப்படவில்லை. ஊர் ஊராகப் பாடியது. குறுந்தட்டுகள் இரண்டை வெளியிட்டது. பிறகே, 1990-இல், ரிப்பீட்டர் என்னும் முதல் முழுநீளத் தட்டைத் தந்தது. வெளியிட்டது அதே டிஸ்கார்ட். அந்த வெளியீட்டகம் குழுக்களை எழுத்து ஒப்பந்தத்தால் பிணைப்பதில்லை. செலவு போக எஞ்சும் ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்வது அதன் வழக்கம். 1991-க்குப் பிறகு இத்தகைய இசைக்குப் பெருஞ்சந்தை பிறந்தபோது, பெரிய நிறுவனங்கள் ஃபுகாசியின் வாயிலுக்கும் வந்தன. வந்த வழியே திரும்பின.

காசை வெறுத்த துறவிகளா இவர்கள்? இல்லவே இல்லை. நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர் என்றால், அதை எண்ணித்தான் வாங்கினர். ஆனால் அந்த ஐந்தைக் குறித்தவர்கள் அவர்களே. ஐம்பது கேட்டாலும் தருவதற்கு ஆளிருந்த நாளிலும் அதைத் தாழ்வாகவே வைத்திருந்தனர். அரங்கில் எவ்வயதினரும் நுழையலாம் என்றனர். இது சிறு செய்தியன்று. அமெரிக்க இசையரங்குகள் பல மதுவிற்பனையை நம்பி நடப்பவை. ஆகவே இளவயதினரை வாயிலிலேயே தடுப்பவை. மதுவை நம்பாத அரங்கைத் தேடிப் பிடித்துப் பாடினால்தான் பள்ளிப்பிள்ளையும் பாட்டுக் கேட்க முடியும். தேடினர், பிடித்தனர், பாடினர். தமக்குக் கிடைத்த விடுதலையைக் கேட்போர்க்கும் பங்கிட்டனர். இந்தப் பங்கீடு இல்லையேல், தனித்து நிற்பது என்பதும் ஒருவகைத் தன்னலமாகவே முடியும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “வேண்டாம் என்று சொல்ல வீட்டில் சோறு இருக்க வேண்டுமே! பசித்தவன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கொண்டிருப்பானா?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. மெக்கே கற்றவர் வீட்டுப் பிள்ளை. பனிக்கூழ்க் கடையில் வேலை செய்தும், செய்தித்தாள் வண்டி ஓட்டியும் பிழைக்க வழியிருந்தவர். குடும்பத்தின் நோயும் கடனும் முதுகில் ஏறி நிற்கும் கலைஞனுக்கு அந்த வசதி இல்லை. அவன் கையெழுத்திட்டால் அவனைக் கோழை என்று நாம் ஏசமாட்டோம். ஏசத்தக்கது, அவன் பசியை அறிந்தே தீட்டப்பட்ட ஒப்பந்தம். மறுக்கும் வலிமை சிலர்க்கே வாய்க்கிறது என்றால், வாய்த்தவர்க்குக் கடமை ஒன்று கூடுகிறது. தாம் மறுத்துப் பெற்ற இடத்தில், மறுக்க இயலாதார்க்கும் ஓர் இருக்கை போட வேண்டும். 600 டாலரைப் பங்கிடாமல் வைத்தவர்கள் செய்தது அதுவே.

இன்று காலம் மாறிவிட்டது, தட்டும் வேண்டாம், உறையும் வேண்டாம், விரல் நுனியில் உலகெங்கும் பாட்டை அனுப்பலாம் என்பர். உண்மை. வாயிற்காவலர் பலர் மறைந்தனர். ஆனால் கணக்கேடு யார் கையில் என்ற கேள்வி மறையவில்லை. ஸ்பாட்டிஃபை என்னும் இணைய நிறுவனம், ஓராண்டில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாடலின் பதிவுக்கு உரிமைத்தொகை இல்லை என்று 2024 முதல் விதித்தது. ஆயிரம்! ஆயிரம் தட்டுகளால் ஒரு வெளியீட்டகமே எழுந்தது அன்று. ஆயிரத்தை எட்டாத பாட்டுக்கு ஒரு காசும் இல்லை இன்று. எண்ணுகிறவர் மாறினால் எண்ணின் பொருளும் மாறிவிடுகிறது.

ஆகவே, முதல் தொகுப்பை வெளியிட முனையும் எந்த இளைஞர் குழுவும், எத்தனை பேர் கேட்பர் என்று கணக்கிடுமுன் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளல் நன்று. இந்தப் பாடல் பத்தாண்டுக்குப் பின் யாருடையது? இதன் விலையைக் குறிப்பவர் யார்? இதனால் வரும் ஆதாயம் அடுத்தவர்க்கு வழி திறக்குமா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், தயங்காமல் விற்கட்டும். உழைத்தவன் கூலி கேட்பதில் இழிவில்லை. தன் உழைப்பின் மேல் தனக்கே உரிமையில்லை என்னும் ஏட்டில், படித்தறிந்தும் பசியின்றியும் ஒப்பமிடுவதே இழிவு. தன்மானம் பாட்டின் சொல்லில் மட்டும் ஒலித்தால் போதாது. பாட்டை விற்கும் முறையிலும் ஒலிக்க வேண்டும்.