காட்டுதலும் பகிர்தலும்

பயணம் சென்று திரும்பியவர் தாம் கண்டதைப் பிறருக்குக் காட்ட விழைவது இயல்பே. அவ்விழைவு அன்பில் பிறக்கிறதா, பெருமையில் பிறக்கிறதா என்று நாம் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறோம். என்னை எண்ண வைத்தது ஒரு தோல்வி.

சில ஆண்டுகளுக்கு முன், குளிர்காலத்தில், புனித நாட்டிற்குத் திருப்பயணம் சென்றேன். நோயுற்றுப் படுக்கையில் இருந்த என் தமக்கையார் உடன்வர இயலவில்லை. “நீ காண்பதை எனக்கும் காட்டு” என்று சொல்லியனுப்பினார். அவருக்காக 600 படங்கள் எடுத்தேன். திரும்பியதும் அவற்றை ஒரு தொடர்காட்சியாக்கி, இணையத்தின் வழியே அவருக்கு அனுப்ப முனைந்தேன்.

சோதனை அங்கே தொடங்கியது. படங்கள் பாதி ஏறும்போது இணைப்பு அறும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே நின்றது. கைப்பேசியோ அந்நாட்டு நேரத்திற்குத் தானே மாறிக்கொண்டது. இரண்டிற்கும் இடையே மூன்றரை மணி நேர வேறுபாடு. நேரப்படி அடுக்கியபோது பெத்லகேம் குகையை அடுத்துக் கெத்சமனித் தோட்டம், மீண்டும் குகை என, ஆண்டவரின் பிறப்பும் பாடுகளும் குழம்பிப்போயின. நெடுக்காக எடுத்த படங்கள் சில படுத்துக் கிடந்தன. அனைத்தையும் சீராக்க மூன்று வாரங்கள் ஆயின. படத்திற்கு நான்கு நொடி என்றாலும் காட்சி முழுவதும் ஓட 40 நிமிடங்கள்!

தமக்கையாரின் வீட்டில், அவருடைய பேரனின் கைப்பேசியில் அதைத் திறந்தோம். பாதி வழியில் காட்சி நின்றது. திரையில் வட்டம் மட்டும் சுழன்றது. நான் இணைப்பை நொந்துகொண்டிருந்தேன். அவரோ நின்றுபோன படத்தையே உற்று நோக்கினார். ஒலிவ மலையில், ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பல மொழிகளிலும் சுவரில் பதித்து வைத்திருக்கும் ஆலயம் ஒன்று உண்டு. அங்குள்ள தமிழ்ப் பலகையின் படம் அது. தமக்கையார் மெல்லக் கேட்டார்: “இங்கே நின்று எனக்காக இதைச் சொன்னாயா?”

நான் சொல்லவில்லை. வெளிச்சம் சரியாக விழவில்லை என்று பதினொரு முறை படமெடுத்தேன், செபிக்க மறந்தேன்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எஜேரியா என்னும் பெண்மணி அதே நாட்டில் திருப்பயணம் செய்து, தாம் கண்டவற்றைத் தொலைவிலிருந்த தம் சகோதரிகளுக்கு எழுதினார். அந்நூலின் கையெழுத்துப்படி 1884-இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதன் தொடக்கமும் முடிவும் இன்று இல்லை. ஆயினும் எஞ்சிய பகுதி நம்மைத் தொடுகிறது. ஒவ்வோர் இடத்தை அடைந்ததும் முதலில் செபிப்பது, அவ்விடத்திற்குரிய இறைவார்த்தையை வாசிப்பது, திருப்பாடல் ஒன்றைச் சொல்லி மீண்டும் செபிப்பது தங்கள் வழக்கம் என அவர் எழுதுகிறார். முதலில் பெற்றுக்கொண்டார்; பிறகே பகிர்ந்தார். அதனால்தான் முதலும் முடிவும் இழந்த பின்னும் அவர் பகிர்ந்தது குறைபடவில்லை. என்னுடையதோ 600 படங்கள் இருந்தும் வெறுமையாய் இருந்தது.

அப்படியானால் படமெடுப்பதே தவறா? அன்று. பெத்லகேமில் இடையர்கள் தாம் கண்டதைப் பிறருக்கு அறிவித்தார்கள். மரியா அனைத்தையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார். லூக்கா நற்செய்தி இவ்விரண்டையும் அடுத்தடுத்தே சொல்கிறது. அறிவிப்பதும் வேண்டும், உள்ளத்தில் இருத்துவதும் வேண்டும். இருத்தாமல் அறிவிப்பது வெறும் காட்டுதலாகிவிடுகிறது. பெற்றுக்கொள்பவரின் தேவையை மறந்து, நம்மிடமுள்ள அளவையே நினைத்துக் குவிப்பதும் அப்படியே. நான் கருவிகளின் மீது சுமத்திய குறைகள் உண்மையானவைதாம். ஆனால் அவை அனைத்தும் நீங்கியிருந்தாலும், தமக்கையாரின் கேள்விக்கு என்னிடம் விடை இருந்திராது.

பின்னர் பன்னிரண்டு படங்களை மட்டும் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். ஒவ்வொரு படத்திற்கும் உரிய நற்செய்திப் பகுதியை அவர் படுக்கையருகே அமர்ந்து வாசித்தேன். தமிழ்ப் பலகையின் படம் வந்தபோது இருவரும் சேர்ந்து அந்தச் செபத்தைச் சொன்னோம். ஒலிவ மலையில் நான் சொல்லாமல் விட்டதை அவர் வீட்டில் சொன்னேன். அங்கே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.