ஈயத்துக்கு வயதில்லை

பனி உருகத் தொடங்கியதும் ரொறன்ரோ வளவுகளில் ரொபின் வந்து இறங்கும். நாலு எட்டு ஓடும், நிற்கும், தலையைச் சரிக்கும்; ஒரே இழுவையில் மண்புழு வெளியே வந்துவிடும். புழுவின் குடலில் இருக்கும் மண்ணையும் சேர்த்துத்தான் அது விழுங்குகிறது.

ரொறன்ரோவின் சவுத் ரிவர்டேலில் அந்த மண்ணில் ஈயம் இருந்தது. ஈஸ்ரேர்ன் அவனியுவில் கனடா மெற்றல் ஆலை ஈயம் உருக்கிக்கொண்டிருந்தது. 1970களில் அயல் பிள்ளைகளின் இரத்தத்தில் அது தெரியவர, சனம் போராடியது. 1980களின் பிற்பகுதியில் ஏறக்குறைய ஆயிரம் வளவுகளின் மேல்மண்ணை அள்ளிவிட்டுப் புதுமண் போட்டார்கள். பிள்ளைகளுக்காகச் செய்ததில் ரொபினுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1990 டிசம்பரில் கார்களுக்கான ஈயப் பெற்றோலும் நின்றது. ஆனாலும் அதுவரை புகைக்குழாய்கள் துப்பியது தெருவோர மண்ணில் இன்னும் கிடக்கிறது. இலை மக்கும், எலும்புகூட மக்கும். ஈயம் ஒரு தனிமம். மக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

உடம்புக்கு ஈயத்தின் கள்ளம் பிடிபடுவதில்லை. கல்சியம் என்று நம்பி ஈயத்தை எலும்பில் சேர்த்து வைக்கிறது. முட்டை ஓடு கட்டுவதற்காகப் பெட்டை வாத்து தன் எலும்பைக் கரைத்துக் கல்சியம் எடுக்கும். அப்போது பதுங்கிக் கிடந்த ஈயமும் எழுந்து இரத்தத்தில் கலக்கும். விழுங்கியது எப்போதோ, வினை முட்டையிடும் பருவத்தில்.

ஒன்ராறியோ ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் லெஸ்லி ஸ்பிற், 1950களின் இறுதியிலிருந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய நிலம். துறைமுகத்திலும் டொன் ஆற்று வாயிலும் வாரிய, உலோகம் கலந்த சேற்றை அங்கே தடாகங்களில் அடைத்தார்கள். முதல் தடாகத்தை நல்ல மண்ணால் மூடி 2007இல் ஈரநிலமாக்கினார்கள். இன்று சம்பு வளர்ந்து நிற்கிறது. பீவர், கொயோட், நீர்க்காகக் கூட்டம் எல்லாம் அந்த ஸ்பிற்றில் உண்டு. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுத்தம் செய்தோம் என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் நடந்தது இடமாற்றம்தான். ரிவர்டேலில் அள்ளிய மண்ணும் எங்கோ மண்ணாகவே கிடக்கிறது. அங்கும் புழு இருக்கும்.

ஆலை மூடப்படும், முதலாளி மாறுவார், போராடியவர்கள் முதுமையடைவார்கள். ஈயம் மட்டும் இளமை குன்றாமல் இருக்கும். அதை ஒருமுறை மண்ணுக்கு மேலே கொண்டுவந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காவல் வேலை மிச்சம். ஸ்பிற்றில் மஸ்க்ராற் என்னும் நீரெலி கரையைக் குடைவதை விடப்போவதில்லை. அதன் சீவியமே அதுதான். ஆகவே அந்த மண்மூடியைப் பார்த்துச் செப்பனிடும் செலவு 2100ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலும் ஒரு வரியாக இருக்க வேண்டும்.